வெட்டி எறிந்த எண்பது மில்லிமீட்டர்

தாராவி
9 ஜூன் 1965

ஜெயசீலிக்கு,

உன் மதினி சேசம்மாள் எழுதுவது. ஈஸ்டருக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீயும் அப்படித்தான் இருந்திருப்பாய். செம்பூருக்கும் தாராவிக்கும் நடுவில் கடலா கிடக்கிறது? வர நினைத்தால் ஒரு பஸ். நீ வரவில்லை, நான் கூப்பிடவுமில்லை. அது கிடக்கட்டும்.

சனிக்கிழமை உன் அண்ணன் பட்டறையில் விழுந்துவிட்டார். லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே. அடுத்த மிஷினில் நிற்கும் ஜெயினுலாப்தீன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுக்காவிட்டால் முகம் மிஷினுக்குள் போயிருக்கும். முதலாளி நெல்லையப்பன் அண்ணாச்சி ஓடிவந்து கையில் ஒரு ஸ்பானரைத் திணித்தாராம். வலிப்புக்காரன் கையில் இரும்பைக் கொடுத்தால் தெளியுமல்லவா, அதற்காக. தெளிந்து எழுந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னாராம்: "மிக்கேலு, இனிமே நீ மிஷின் பக்கம் வராதப்பா. வாசல்ல உக்காந்து பிசிறு தட்டு, போதும். பட்டறையில ரத்தம் பாக்க என்னால முடியாது."

பதினெட்டு வருஷம் லேத்தில் நின்ற மனிதர், ஜெயசீலி. திங்கட்கிழமையிலிருந்து வாசலில் சாக்கு விரித்து அரத்தால் பிசிறு தட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

இது யாரால் வந்தது என்று உனக்கே தெரியும். பிப்ரவரியில் லேசாகத் தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னதும், "எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்கண்ணே, நானே எடுத்துப் பாக்கேன்" என்று கூட்டிப் போனாய். கையிலும் காலிலும் பட்டை கட்டி ஈ.சி.ஜி. எடுத்தாய். இருதயம் நன்றாக இருக்கிறது என்று பெரிய டாக்டர் சொன்னார். அப்படியானால் இந்தச் சுற்றல் லேசான வலிப்பாகத்தான் இருக்கும் என்று இன்னொரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா? ஈஸ்டர் சாப்பாட்டில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது, "அண்ணே, வலிப்பு மாத்திரை ஒழுங்கா போடுதியளா?" என்று கேட்டாய். அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேர் பட்டறை ஆட்கள். அன்றைக்கு உனக்கு வாசலைக் காட்டினேன். சரியாகத்தான் செய்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒரு தாளால் வந்த வினை இன்னொரு தாளால் போகட்டும். இந்த ஆள் மிஷினில் நிற்கலாம் என்று உங்கள் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடு. ஆஸ்பத்திரி முத்திரை இருந்தால் அண்ணாச்சிக்குப் போதும். உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

சேசம்மாள்


செம்பூர்
12 ஜூன் 1965

மதினிக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், சாப்பாட்டு நேரத்தில் மூன்று தரம் படித்தேன்.

ஈஸ்டரன்று நான் கேட்டது தப்பு. ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் "மாத்திரை போடுகிறீர்களா" என்று சத்தமாகக் கேட்டுக் கேட்டு நாக்கு அப்படிப் பழகிவிட்டது. மன்னிப்புக் கேட்க நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் என் முன்னால் இருந்த தட்டை எடுத்துவிட்டீர்கள். பாதிச் சோற்றோடு எடுத்தீர்கள். வாசலைக் காட்டியதைக்கூட மறந்துவிடுவேன், அந்தத் தட்டை மறக்க முடியவில்லை.

கடிதம் வாங்கித் தர முடியாது. எங்கள் பெரிய டாக்டர் அனந்தகிருஷ்ணன் அப்படி எழுதுகிறவர் இல்லை. எழுதுவதாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன். ஓடுகிற மிஷின் முன்னால் விழுகிற மனிதரை அதன் முன்னாலேயே நிறுத்தச் சொல்லி நான் தாள் கொண்டுவந்தால், பிறகு எந்த முகத்தோடு பூசைக்குப் போவேன்?

ஆனால் ஒன்று எனக்கு உறுத்துகிறது. நான்கு மாதமாக மாத்திரை போடுகிறார். வலிப்பாக இருந்தால் கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, கூடியிருக்கிறது. அதனால் கோபப்படாமல் எனக்குப் பதில் எழுதுங்கள். விழும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறாரா? வேட்டி நனைகிறதா? முகம் என்ன நிறமாகிறது? முக்கியமாக, எழுந்த பிறகு எவ்வளவு நேரம் பேதலித்துப்போய் இருக்கிறார்? வலிப்பு வந்தவர்கள் எழுந்ததும் அரை மணி நேரம் ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பார்கள், தூங்கிவிடுவார்கள். அதற்காகத்தான் கேட்கிறேன்.

பகல் முழுக்க நான் வேலையில் இருப்பதால் ஆஸ்பத்திரி விலாசத்துக்கே எழுதுங்கள், சீக்கிரம் கிடைக்கும்.

ஜெயசீலி


தாராவி
15 ஜூன் 1965

ஜெயசீலிக்கு,

கேட்டதைத் தரமாட்டாய், கேள்வி மட்டும் போலீஸ்காரன் மாதிரி வரிசையாகக் கேட்பாய். நல்ல கொழுந்தியாள் வாய்த்தாய் எனக்கு. தட்டை எடுத்தேன், ஆமாம். கோபத்தில் கை முந்திவிட்டது. அதை இப்போது பேச எனக்கு நேரமில்லை.

நேற்றுச் சாயங்காலம் வீட்டிலேயே விழுந்தார். குழாயடியிலிருந்து குடத்தோடு நான் உள்ளே வருகிறேன், அவர் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றுகிறார். பேச்சு நடுவில் நின்றது. "சேசம்மா, இந்தப் பொத்தான்..." என்றவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்தது. கை இரண்டு தரம் வெட்டி இழுத்தது. நாக்கைக் கடிக்கவில்லை, வேட்டி நனையவில்லை. இரும்பு, இரும்பு என்று சாவிக்கொத்தைத் தேடுகிறேன். அது இடுப்பிலேயே இருந்தது. எடுத்து அவர் கையில் வைப்பதற்குள் கண்ணைத் திறந்துவிட்டார். முகம் குப்பென்று சிவந்தது. உடனே, "பொத்தான் அந்து போச்சு, தச்சுக் குடு" என்றார். விட்ட இடத்திலிருந்து பேசுகிறார், ஜெயசீலி! விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. கையில் சாவிக்கொத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்கு எங்கிட்ட?" என்று கேட்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பேதலிப்பும் இல்லை, தூக்கமும் இல்லை. மொத்தமாக ஒரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம்கூட இருக்காது.

டாக்டர் கடிதம் வருகிறது, கட்டாயம் வருகிறது என்று நெல்லையப்பன் அண்ணாச்சியிடம் நான் சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

சேசம்மாள்


ஆஸ்பத்திரி
17 ஜூன் 1965

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு இது வலிப்பாகத் தெரியவில்லை. ஆனால் நான் டாக்டர் இல்லை, தாளில் கோடு எடுக்கிறவள். பிப்ரவரியில் எடுத்த அட்டையை இன்று தேடி எடுத்துப் பார்த்தேன், அதில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதனால் நீங்கள் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். செய்வதற்கு முன் ஏன் என்று தெரிய வேண்டும், காரணம் தெரியாமல் நீங்கள் எதையும் செய்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இருதயத்துக்குத் துடி என்று மூளை சொல்வதில்லை. அதற்கு உள்ளேயே, மேலறையின் ஓர் ஓரத்தில், ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. மில்லில் சங்கு ஊதுகிறார்களே, அதுபோல. நிமிடத்துக்கு எழுபது எழுபத்தைந்து தரம் அது தானாகவே ஒரு துளி மின்சாரத்தைக் கிளப்புகிறது. அது பரவி மேலறைகள் இரண்டும் சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளுகின்றன. கீழறைகளுக்கு அந்தச் சங்கு நேராகக் கேட்காது. நடுவில் இன்னொரு முடிச்சு இருக்கிறது, அதை மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கைக் கேட்டதும் அவன் ஒரு கணம் பொறுக்கிறான். மேலே இருக்கும் ரத்தம் முழுக்கக் கீழே இறங்கட்டும் என்று பொறுக்கிறான். பிறகுதான் கீழே கம்பி வழியாக உத்தரவு போகிறது. கம்பி வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்றாகப் பிரிந்து இறங்கும். கீழறைகள் ஒரே அடியாக அடித்து உடம்பு முழுக்க ரத்தத்தை அனுப்புகின்றன. அந்த அடிதான் மணிக்கட்டில் நாடியாக நமக்குத் தெரிகிறது.

என் மிஷின் இதைத்தான் எழுதுகிறது. முதலில் ஒரு சின்ன மேடு, அது சங்கு. பிறகு கொஞ்சம் தட்டையான கோடு, மேஸ்திரி பொறுக்கிற நேரம். பிறகு உயரமான ஒரு கொம்பு, கீழறை அடிப்பது. கடைசியில் தாழ்வான ஒரு மேடு, அடுத்த அடிக்குக் கீழறை தயாராவது. அவ்வளவுதான், மதினி. நாற்பது பேரிடமும் நான் தேடுவது இந்த நான்கையும்தான்.

சில பேருக்கு நடுவில் இருக்கும் மேஸ்திரி உத்தரவைச் சில நேரம் கீழே சொல்லாமல் விட்டுவிடுவான். அப்போது நாடி ஓர் அடி தப்பும். நிறையத் தப்பினால் மூளைக்கு ரத்தம் போகாமல் ஆள் விழுந்துவிடுவார். கை கால் இழுப்பதும் அதனால்தான், பார்ப்பவர்களுக்கு வலிப்பு என்றே தோன்றும். அண்ணனுக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டும் என்கிறேன்.

அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, உங்கள் இரண்டு விரலை வையுங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள், அதன் துடிப்பே உங்களை ஏமாற்றும். இன்னொரு கையில் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு அடிக்கும் தாளில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். அடி தப்பினால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு நகருங்கள். மறுபடி விழுந்தால் சாவிக்கொத்தைத் தேட வேண்டாம். இரும்பு கொடுக்கப் பிடிக்கிற அதே கையில் நாடியைப் பிடியுங்கள்.

வந்து பார்க்கட்டுமா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஜெயசீலி


தாராவி
22 ஜூன் 1965

அன்புள்ள ஜெயசீலிக்கு,

புள்ளி வைத்தேன். இது வெள்ளிக்கிழமை வைத்தது:

• • • •     • • • •     • • • •     • • • • •     • • • •

உன் அண்ணனுக்கு ஒரே கேலி. "கல்யாணமான புதுசுல கூட இப்படிக் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்ததில்லையே, எளா, பக்கத்து வீட்டுக்காரன் பாத்தா என்ன நினைப்பான்" என்கிறார். நானும் சிரித்துக்கொண்டேதான் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்திருந்தார், நான் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். நான்கு வைத்தேன். ஐந்தாவது வரவில்லை. சரி, தப்பிய அடி என்று பென்சிலை நகர்த்தினேன். ஆறாவதும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் கண் மேலே செருகிவிட்டது. விரலை அழுத்துகிறேன், ஒன்றுமில்லை. மணிக்கட்டு வெறும் மரக்கட்டைபோல இருக்கிறது. நீ சொன்னாயே என்று கையை விடாமல் எண்ணினேன். ஒன்பது எண்ணினேன், ஜெயசீலி. ஒன்பது வரைக்கும் என் புருஷனுக்கு நாடி இல்லை. பத்தில் திடுமென்று ஒரு அடி அடித்தது.

ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "எந்தங்கச்சி மிஷினே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு. மறுபடி போயி என்ன பண்ண? சவத்தை விடு" என்கிறார். பிறகு ஒன்று சொன்னார். பிப்ரவரியில் நீ தாளை வெட்டி அட்டையில் ஒட்டும்போது ஒரு துண்டைக் கூடையில் போட்டாயாம். அதில் சின்னச் சின்னக் கட்டமாக அழகாக இருந்ததால் உனக்குத் தெரியாமல் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். பட்டறைக்குக் கொண்டுபோய் அந்தக் கட்டங்களை வெர்னியரால் அளந்து பார்த்திருக்கிறார். அவருக்கு எதைப் பார்த்தாலும் அளக்க வேண்டும், உனக்குத்தான் தெரியுமே. கட்டம் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர், மயிரிழை பிசகில்லை என்று மெச்சுகிறார். கொம்புக்குக் கொம்பு இருபது மில்லிமீட்டராம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எண்பது. "அவ மிஷின்ல தாள இழுக்குற ரோலர் வழுக்குது. ஈஸ்டருக்கு வந்தா சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள நீ அவள வெரட்டிட்ட" என்று என்னைக் குறை சொல்கிறார்.

அந்தத் துண்டை அவர் டூல் பெட்டியிலிருந்து எடுத்து இதில் வைத்திருக்கிறேன். உன் ரோலரைச் சரி பார்த்துக்கொள். எனக்கு ரோலரைப் பற்றிக் கவலையில்லை, அந்த ஒன்பதைப் பற்றித்தான்.

கடிதம் வராமல் மிஷினைக் கொடுக்கமாட்டேன் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார், அதுமட்டும் இப்போதைக்கு நல்லது. உடனே பதில் எழுது.

சேசம்மாள்


ஆஸ்பத்திரி
24 ஜூன் 1965, காலை பதினொன்று

மதினி,

இதைக் கொண்டுவருபவர் பூலோகம், எங்கள் வார்டு ஆள். டாக்ஸியோடு வருகிறார். அண்ணனை இந்த நிமிடமே அவரோடு அனுப்புங்கள், நீங்களும் வாருங்கள். நடக்கவிடாதீர்கள், படியேற விடாதீர்கள். பட்டறையில் இருந்தால் மிஷின் பக்கமே போகவிடாதீர்கள்.

என் ரோலர் வழுக்கவில்லை. அந்தத் துண்டில் இருப்பது அண்ணன் இருதயம் நின்ற நேரம். பிப்ரவரியிலேயே என் கைக்கு வந்தது. நான்தான் அதை வெட்டிக் கூடையில் போட்டேன்.

நானே ஓடி வந்திருப்பேன். டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார், அதற்குள் அவர் முன்னால் போய் நின்று இதைச் சொல்லிப் படுக்கைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். என்மேல் உள்ள கோபத்தை அண்ணன் மேல் காட்டாதீர்கள்.

ஜெயசீலி


[அதே தாளின் பின்பக்கம், பென்சிலில்]

அவர் வீட்டில் இல்லை. பூலோகத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், டாக்டரை எங்கேயும் போகவிடாதே. அவசர வேலை வந்துவிட்டதாம், கடிதம் நாளைக்கு வந்தாலும் சரி என்று அண்ணாச்சி இன்று காலை மிஷினைக் கொடுத்துவிட்டார். கடிதம் உறுதி என்று சொன்னவள் நான்தானே. டாக்ஸியை நான் பட்டறைக்குக் கொண்டுபோகிறேன். பூலோகம் பஸ்ஸில் வருவார்.

சே.


செம்பூர்
2 ஜூலை 1965

அன்புள்ள மதினிக்கு,

தினமும் வார்டில் பார்த்துக்கொள்கிறோம். ஃப்ளாஸ்க், துவைத்த சட்டை, பஸ், மழை என்று பேசுகிறோம். சொல்ல வேண்டியதை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பட்டறையில் நடந்ததை அண்ணாச்சியே வார்டுக்கு வந்து சொன்னார். நீங்கள் நேரே போய் மெயின் சுவிட்சை இறக்கினீர்களாம், எட்டு லேத்தும் நின்றதாம். "யாருடா அது" என்று அவர் கத்திக்கொண்டே திரும்பும்போது அண்ணன் நின்றுபோன மிஷின் மேலேயே சரிந்தாராம். "ரெண்டு நிமிஷம் முந்தின்னா..." என்று சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். ஈ.சி.ஜி. தாள் சுருளாக நீளமாக வரும். அதை அப்படியே டாக்டரிடம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு பட்டைக்கும் நான்கு துடிப்பு நல்லதாகப் பார்த்து வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுப்போம். மீதி கூடைக்குப் போகும். நோயாளி இருமினால், அசைந்தால், பட்டை நெகிழ்ந்தால் கோடு கெடும், அந்த இடத்தை எல்லாம் வெட்டிவிடுவோம். என் அட்டைகள் சுத்தமாக இருக்கும் என்று இந்த டிபார்ட்மெண்டில் எனக்கு நல்ல பெயர், புதிதாக வருகிறவர்களுக்கு வெட்டச் சொல்லித் தருவதும் நான்தான். அன்று அண்ணன் தாளில் நீளமாக ஒரு வெற்றிடம் வந்தது. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார், அசைந்துவிட்டார் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, குனிந்து பார்க்கவில்லை. கத்தரி போட்டுவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய துண்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பெரிய கொம்பு இல்லாத அந்த எண்பது மில்லிமீட்டரில் சின்ன மேடுகள் மூன்று இருக்கின்றன. ஒன்றுக்கொன்று இருபது மில்லிமீட்டர் இடைவெளியில், மற்ற இடத்தில் அண்ணன் அளந்த அதே இருபது. ரோலர் வழுக்கினால் சரியாக நான்கு மடங்கு வழுக்குமா, மதினி? மேலே சங்கு தவறாமல் ஊதியிருக்கிறது. கீழே மூன்று தரம் யாரும் கேட்கவில்லை. எங்கள் தாள் ஒரு வினாடிக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர் ஓடும். எண்பது என்றால் மூன்று வினாடிக்கும் மேலே. அண்ணனுக்குத் தலை சுற்றியது அதனால்தான். வெர்னியர் பிடிக்கத் தெரிந்தவர் கண்டுபிடித்துவிட்டார், எட்டு வருஷம் கோடு எடுக்கிற நான் பார்க்கவில்லை.

அந்தத் துண்டைப் பழைய அட்டையில் அதன் இடத்திலேயே ஒட்டி டாக்டர் முன்னால் வைத்தேன். அவர் ஸ்கேலை எடுத்து அளந்தார். பிறகு, "ஏம்மா இதை வெட்டினே?" என்று கேட்டார். "பார்க்க நல்லா இல்லை சார்" என்றேன். அதுதான் உண்மை. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மூன்று மாதம் மிஷினைத் தொடக் கூடாது, ரிக்கார்டு ரூமில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. இனி எங்கள் டிபார்ட்மெண்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நீளமான துண்டு வெட்டாமல் அட்டையோடு போக வேண்டும் என்றும் எழுதிப் போட்டுவிட்டார்.

அண்ணனைப் பற்றி டாக்டர் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். நடுவில் உள்ள கம்பி இப்போது முழுதாகவே அறுந்துவிட்டது. மேலறை எழுபத்தாறு அடிக்கிறது. கீழறை உத்தரவுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, தன்னிஷ்டத்துக்கு முப்பத்துநான்கு அடிக்கிறது. உத்தரவு வராவிட்டாலும் கீழறை மெதுவாகத் தானே அடித்துக்கொள்ளும், உயிர் நிற்பது அதனால்தான். வலிப்பு மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது, அது வேண்டியதே இல்லை. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுத்து அந்த முப்பத்துநான்கைக் கொஞ்சம் ஏற்றுகிறார்கள். வெளிநாட்டில் ஒரு பேட்டரிப் பெட்டியை உடம்புக்குள்ளேயே வைக்கிறார்களாம், நமக்கு அது எப்போது கிடைக்கும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. அண்ணன் மறுபடியும் விழலாம். லேத்தில் இனி நிற்கவே கூடாது.

நான்கு மாதம், மதினி. அந்த நான்கு மாதமும் அண்ணன் ஓடுகிற மிஷின் முன்னால் நின்றார். ஒவ்வொரு நாளையும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க இதை எழுதவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

ஜெயசீலி


தாராவி
11 ஜூலை 1965

அன்புள்ள ஜெயசீலிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு, ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே படித்தேன். கோபம் வந்தது. வராமல் இருக்குமா? உன்னைத் தேடி ரிக்கார்டு ரூம் வாசல் வரை வந்தேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு ஏணியில் நின்று அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். சேலை முந்தானை கிழிந்திருந்தது, அதுகூடத் தெரியாமல் நிற்கிறாயே என்று இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை, காரணம் நீ இல்லை. நானும் ஒன்றை வெட்டி எறிந்திருக்கிறேன்.

ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின நாள், உன் அண்ணன் இந்த வீட்டில் இதே பெஞ்சில் விழுந்தார். நன்றாக, நினைவு தப்பி விழுந்தார். பிப்ரவரியில் நீ அவரைக் கூட்டிப் போகிற அன்று காலை நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்: "விழுந்தேன்னு மட்டும் சொல்லாதிய. பட்டறையில தெரிஞ்சா மிஷின் போயிரும். லேசா சுத்துதுன்னு சொல்லுங்க, போதும்." நினைவு தப்பியதா என்று உங்கள் டாக்டர் கேட்டாராம். இவர் நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே இல்லை என்று தலையாட்டியிருக்கிறார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் டாக்டர் இன்னும் நீளமாகத் தாள் எடுக்கச் சொல்லியிருப்பாரா, மாட்டாரா? நீயே சொல். நீ பார்க்காமல் வெட்டினாய். நான் பார்த்துத் தெரிந்தே வெட்டினேன். பிறகு எல்லாப் பழியையும் உன் தலையில் போட்டு, சோற்றுத் தட்டையும் பிடுங்கினேன். இதை உங்கள் டாக்டரிடமும் போய்ச் சொல்லப் போகிறேன். உன் மூன்று மாதத்தில் ஒரு மாதமாவது குறையட்டும்.

நெல்லையப்பன் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். "மிக்கேலு, பேப்பர்ல இருந்த எம்பது மில்லிமீட்டரையே கண்டுபுடிச்ச ஆளு நீ. இனிமே பட்டறையை விட்டு வெளிய போற சாமானை எல்லாம் நீ அளந்து பாத்துதான் அனுப்பணும்" என்று ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்துவிட்டார், மிஷின்களை விட்டுத் தள்ளி. நாளையிலிருந்து போகிறார். இன்றைக்கு வீட்டில் இருக்கும் கரண்டி, தம்ளர், என் வளையல் வரைக்கும் வெர்னியரால் அளந்து என் உயிரை வாங்கிவிட்டார்.

பெஞ்சுக்கு மேலே ஆணியில் நான் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சாவிக்கொத்து அதன் இடத்தில் சும்மா இருக்கிறது. காலையிலும் சாயங்காலமும் ஒரு நிமிடம் புள்ளி வைக்கிறேன். நாற்பத்தாறு, நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு என்று வருகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே இங்கே வா. மீன் குழம்பு வைக்கிறேன். உன் தட்டை அன்றைக்கே கழுவி மேலே கவிழ்த்து வைத்தேன், இதுவரை வேறு யாருக்கும் அதில் போடவில்லை.

இன்று காலை வைத்த புள்ளித்தாளை முழுசாக இதில் வைத்திருக்கிறேன். மூன்றாவது வரிசையில் ஒரு இடைவெளி இருக்கிறது, பார். நாடி தப்பியதா, இல்லை உன் அண்ணன் ஏதோ சொல்லி நான் சிரித்ததில் என் விரல் நழுவியதா, எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தை வெட்டாமல் அப்படியே அனுப்புகிறேன். வந்து உன் விரலை வைத்துப் பார்த்துச் சொல்.

உன் மதினி,
சேசம்மாள்